நுரைக்கு வயதாகும், காந்தத்துக்கு ஆகாது

பெசன்ட் நகரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. விற்பவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த ஸ்பீக்கர் ஜோடி, இடுப்பு உயரம், தேக்கு ஒட்டுப்பலகையில் இன்னும் பளபளப்பு இருந்தது. முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றிக் காட்டினார். பேஸ் எழுப்பும் பன்னிரண்டு அங்குல வூஃபர், அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். விரலால் லேசாகத் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது. வளைந்து கொடுக்க வேண்டிய வளையம் நனைந்த கேக் மாதிரிப் பிய்ந்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது.

"போன மாசம்கூட இதுல பாட்டு கேட்டேனே தம்பி" என்றார். முகம் வாடிவிட்டது.

அந்த இடத்தில் பலரும் காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். பத்து வருடம் முன்பு என்றால் நானும் கிளம்பியிருப்பேன். அப்போது நான் வாங்கிய முதல் செகண்ட் ஹேண்ட் ஜோடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. நுரை இல்லை, ஓட்டை இல்லை, துரு இல்லை. எட்டாவது மாதம் ஒரு பக்கத்தில் கீச்சொலி எழுப்பும் டுவீட்டர் ஊமையானது. அதைச் செய்த நிறுவனம் அந்த ரகத்தை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. வேறெந்த டுவீட்டரும் அந்தக் குழிக்கும் பொருந்தவில்லை, அந்த ஒலிக்கும் பொருந்தவில்லை. இன்று அந்த ஜோடி எங்கள் கூடத்தில் மணிபிளான்ட் தொட்டிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

பழைய உயர்ரக ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "எது கெட்டுப்போயிருக்கிறது?" என்பது. அந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது வேறு கேள்வி: "கெட்டால் எது திரும்ப வரும், எது வராது?" இதற்குப் பதில் சொல்ல, ஸ்பீக்கரின் ஒவ்வொரு உறுப்பும் எந்தப் பொருளால் ஆனது, அந்தப் பொருள் எப்படி மூப்படைகிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு பெட்டி, பல வயது

இன்று நாம் கேட்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களின் மூதாதை, 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் வடித்த அமைப்பு. ஒரு காந்தம்; அதன் இடுக்கில் கம்பிச்சுருள்; சுருளோடு ஒட்டிய கூம்பு. சுருளில் பாட்டின் மின்சாரம் ஓடினால் காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளும், கூம்பு காற்றைத் தள்ளும். கூம்பு நடுவிலேயே நிற்க இரண்டு பிடிமானம்: உள்ளே "ஸ்பைடர்" எனப்படும் மடிப்புத் துணி, வெளியே விளிம்பு வளையம். நூறு வருடமாகியும் அடிப்படை மாறவில்லை.

இந்த உறுப்புகளுக்கு ஒரே வயதில் மூப்பு வருவதில்லை. காந்தத்துக்குக் கிட்டத்தட்ட மூப்பே கிடையாது. ஃபெரைட் காந்தம் நம் பேரன் காலத்திலும் இழுக்கும். பழைய அல்நிகோ காந்தம் மட்டும் அளவு மீறிய மின்சாரத்தாலோ பலத்த அடியாலோ கொஞ்சம் வலு இழக்கலாம். அதையும் திரும்பக் காந்தமேற்ற முடியும். காகிதக் கூம்பு, ஈரமும் பூச்சியும் அண்டாவிட்டால், ஐம்பது வருடம் சாதாரணமாக இருக்கும். தாமிரச் சுருளை எரித்தால் ஒழிய அது போகாது. முதலில் போவதெல்லாம் விலை குறைந்த பொருள்கள்தான்: நுரை, பசை, ரப்பர், மின்தேக்கிக்குள் இருக்கும் ஈரம்.

அலமாரியில் உதிரும் செருப்பு

வூஃபர் 50 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும்போது கூம்பு நொடிக்கு ஐம்பது தடவை போய்வரும். ஒரு மணி நேரத்தில் 1,80,000 தடவை. தினம் இரண்டு மணி நேரம் வீதம் ஒரு வருடம் இப்படியே ஓடினால் 13 கோடி தடவைக்கு மேல். இவ்வளவு வளைந்தால் நுரை ஏன் கிழியாது என்று தோன்றும். ஆனால் நுரையைக் கொல்வது இந்த வளைவு இல்லை. பெட்டியைவிட்டு எடுக்கவே எடுக்காத, ஒரு பாட்டுகூடப் பாடாத ஸ்பீக்கரின் நுரையும் அதே வயதில்தான் உதிர்கிறது.

ஒரு கல்யாணத்துக்கு வாங்கிப் போட்டுவிட்டு பீரோவில் பத்திரமாக வைத்த ஷூவை ஐந்தாறு வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். நடந்து தேய்ந்த ஷூ நன்றாக இருக்கும், நடக்காத ஷூவின் அடி மாவாகக் கொட்டும். ஷூவின் அடி, ஸ்பீக்கரின் நுரை இரண்டிலும் குற்றவாளி ஒன்றுதான்: பாலியூரிதேன். இதில் ஒரு வகை, எஸ்டர் பிணைப்புகளால் கோத்த நெடுஞ்சங்கிலி. காற்றிலுள்ள நீர் அந்தப் பிணைப்புக்குள் புகுந்து அதை இரண்டாக வெட்டுகிறது. வேதியியலில் இதற்குப் பெயர் நீராற்பகுப்பு. வெட்டிய இடத்தில் ஓர் அமிலத் துண்டு மிஞ்சும். அந்த அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்தும். அதனால் சிதைவு முதலில் மெதுவாகவும் பிறகு சட்டென்றும் நடக்கிறது. போன மாதம் பாடிய வூஃபர் இந்த மாதம் விரலில் ஒட்டுவது இதனால்தான். அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை.

ஈரமும் வெப்பமும் இதற்குத் தீனி. நுரை வளையங்களின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் இருபது வருடம். வருடம் முழுக்கப் புழுங்கும் கடலோர ஊரில் கீழ்க்கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

பிறகு ஏன் நுரையைப் போட்டார்கள்? அது மிக லேசானது, மிக மென்மையானது. கூம்பைத் தாங்கும் பிடிமானம் எவ்வளவு இளகியிருக்கிறதோ அவ்வளவு ஆழமான பேஸ் வரும். கிட்டார் கம்பியைத் தளர்த்தினால் சுருதி இறங்குவது போலத்தான். 1970களில் சின்னப் பெட்டியில் பெரிய பேஸ் வேண்டும் என்று போட்டி போட்ட பொறியாளர்களுக்கு நுரை வரப்பிரசாதம். இருபது வருடம் கழித்து யார் கையில் பிசுபிசுக்கும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

பிரிட்டனின் டனாய் நிறுவனத்தின் இரண்டு தலைமுறைகளில் இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1967இல் வந்த 15 அங்குல மானிட்டர் கோல்டு யூனிட்டின் விளிம்பு, கூம்பின் காகிதமே மடிப்பு மடிப்பாக நீண்டது. பலவும் இன்றும் அதே விளிம்போடு பாடுகின்றன. 1974இல் அதற்குப் பதிலாக வந்த எச்பிடி வரிசைக்கு நுரை விளிம்பு. இளையதுதான் முதலில் உதிர்ந்தது. ஜேபிஎல் 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எல்100 ஸ்பீக்கரின் வூஃபருக்குப் பசை பூசிய மடிப்பு விளிம்பு. அரை நூற்றாண்டு தாண்டியும் அதற்கு விளிம்பு வைத்தியம் அநேகமாகத் தேவைப்படுவதில்லை. ஆக, வருடத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. பொருளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரப்பர் விளிம்பு இரண்டுக்கும் நடுவே. இயற்கை ரப்பரின் சங்கிலியில் கண்ணிக்கொரு இரட்டைப் பிணைப்பு இருப்பதால் ஓசோன் அங்கே கடித்து வெடிப்பு விடும். பியூட்டைல் ரப்பரில் அந்த இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. அது உதிராது, ஆனால் பல வருடத்தில் இறுகக்கூடும். விறைப்பு இரண்டு மடங்கானால் கூம்பின் இயல்பு அதிர்வெண் சுமார் 40 சதவீதம் ஏறும். கண்ணுக்கு எல்லாம் புதிது போல இருக்கும். பேஸ் மட்டும் காணாமல் போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத முதுமை

விளிம்பையாவது தொட்டுப் பார்த்துவிடலாம். பெட்டிக்குள் கிராஸ்ஓவர் என்று ஒரு பலகை இருக்கிறது. பேஸை வூஃபருக்கும் கீச்சை டுவீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுருள்களும் மின்தேக்கிகளும் அதில் இருக்கும். செலவைக் குறைக்க அங்கே பெரும்பாலும் எலெக்ட்ரோலிட்டிக் வகைதான் போடுவார்கள்: அலுமினியத் தகடு, நடுவே மின்பகு திரவத்தில் ஊறிய காகிதம், வாயில் ஒரு ரப்பர் அடைப்பு. திரவம் அந்த அடைப்பு வழியாக வருடக்கணக்கில் கசிந்து உலர்கிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் கைக்கணக்கு. உலர உலர உள்தடை ஏறுகிறது, டுவீட்டருக்குப் போகும் மின்சாரம் குறைகிறது, கீச்சு மங்குகிறது. ஒரே நாளில் மங்கினால் சொந்தக்காரர் கண்டுபிடித்துவிடுவார். இருபது வருடத்தில் மங்குவதால், அவரோடு சேர்ந்து அவர் காதும் பழகிவிடுகிறது. "கொஞ்சம் மெதுவான, இதமான சவுண்டு சார்" என்று விற்பவர் சொன்னால், பாதி நேரம் அது உலர்ந்த மின்தேக்கியின் குரல்.

மாற்றுவது எளிது. ஒன்று மட்டும் கவனம்: பிலிம் வகை மின்தேக்கிக்கு ஆயுள் அதிகம், உள்தடை மிகக் குறைவு. பழைய மின்தேக்கிக்குப் புதிதிலேயே இருந்த கொஞ்ச உள்தடையையும் கணக்கில் சேர்த்தே அந்த கிராஸ்ஓவரை வடிவமைத்திருப்பார்கள். நேராக பிலிமைப் போட்டால் கீச்சு தூக்கலாகிவிடும்; தொடரில் ஒரு சின்னத் தடையைச் சேர்த்தால் சமனாகும்.

இன்னொரு மறைவான மூப்பு டுவீட்டருக்குள். 1963இல் நாசாவில் ஸ்டீவன் பேப்பல் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துச் செல்லலாமா என்று பார்க்கப்போய்க் காந்தத்திரவத்தைச் செய்தார். ராக்கெட்டுக்கு அது உதவவில்லை, டுவீட்டருக்கு உதவியது. சுருளைச் சுற்றிய இடுக்கில் ஒரு சொட்டு விட்டால் சூட்டைக் கடத்திவிடும், தேவையில்லாத அதிர்வையும் அடக்கும். ஆனால் எண்ணெய் எண்ணெய்தானே. சில பல வருடங்களில் கெட்டியாகி வண்டலாகலாம். அப்போது டுவீட்டர் சேற்றில் நடப்பது போல நகரும். கழற்றி, மை ஒற்றும் காகிதத்தை மெல்லிய கீற்றாக வெட்டி இடுக்கில் விட்டு வழித்துப் புதுச் சொட்டு விட்டால் உயிர் வரும். கை நடுங்காதவர் செய்ய வேண்டிய வேலை.

அருமையான பொருளின் அபாயம்

யமஹா 1974இல் என்எஸ்-1000எம் என்ற ஸ்பீக்கரை வெளியிட்டது. ஒன்று 31 கிலோ. அதன் நடு ஒலிக்கும் கீச்சுக்கும் உரிய குவிமாடங்கள் பெரிலியத்தில் செய்தவை. அந்த உலோகம் அலுமினியத்தைவிட லேசு. அதனுள் ஒலி அலுமினியத்தில் போவதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும். அதனால் குவிமாடம் நெளியாமல் ஒரே துண்டாக அசையும். ஒலி அவ்வளவு தெளிவு. பெரிலியம் நுரை போல உதிராது, ரப்பர் போல இறுகாது. அதன் கதையை முடிக்க ஒரு குழந்தையின் விரல் போதும். அதற்காகத்தான் முன்னால் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். உடைந்தால் ஒட்ட முடியாது. அதன் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆபத்து என்பதால் பெருக்கித் தள்ளவும் கூடாது. யமஹா அந்த உறுப்பை இப்போது செய்வதில்லை. மிச்சமிருக்கும் ஒரே வழி, இன்னொரு பழைய ஜோடியிலிருந்து உறுப்பு தானம். உலகில் அந்த ஜோடிகளின் எண்ணிக்கை ஏறப்போவதில்லை.

நேரெதிர்க் கதை குவாட் ஈஎஸ்எல். இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்னிலை ஸ்பீக்கர். கூம்பு கிடையாது, சுருள் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி, இரண்டு துளைத்தட்டுகளுக்கு நடுவே ஆட வைக்கிறார்கள். கேட்டாலே பயமாக இருக்கிறது, பழுதும் வரத்தான் செய்கிறது. உயர் மின்னழுத்தம் தூசியை இழுக்கும், ஈரக் காற்றில் மின்னேற்றம் கசியும், ஒலியைக் கூட்டிவிட்டால் உள்ளே பொறி பறந்து தாளில் ஓட்டை விழும். ஆனால் உடைந்தது எது என்று பாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் தாள், ஒரு பூச்சு, ஒரு மின்வழங்கி. எல்லாம் இன்றும் கிடைப்பவை. அதனால் வயது அறுபதைத் தாண்டிய ஈஎஸ்எல் பலகைகளைப் பிரித்துப் புதுத் தாள் போட்டுக் கொடுக்கும் கைவினைஞர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அடிக்கடி நோயாளியாவது குவாட். மருந்தே இல்லாத நோய் வரக்கூடியது யமஹா. வாங்குகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றில்லை.

கெட்டால் திரும்ப வரும் வாய்ப்பை வைத்துப் பார்த்தால், உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த ஸ்பீக்கர்களைக் கடைசியில் வைக்கிறேன். அவற்றின் கூம்பு நாற்பது வருடம் இருக்கும். அதை இயக்கும் சில்லுக்கு மாற்று பத்து வருடம் கழித்துக் கிடைக்குமா என்பது சில்லு செய்தவர் கையில்.

கால் மணி நேரச் சோதனை

பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர், டார்ச், ஒலி அலை எழுப்பும் செயலி உள்ள போன், நமக்கு மனப்பாடமான இரண்டு பாட்டு. இவ்வளவு போதும்.

முதலில் விற்பவரிடம் கேட்டு முன்துணியைக் கழற்றுங்கள். கழற்ற யோசித்தால் அங்கேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. விளிம்பு நுரையா, ரப்பரா, துணியா? நுரையானால் மாற்றியது எப்போது, மாற்றியவர் யார்? கூம்பின் மேல் பசை வழிந்த தடம் இருந்தால் யாரோ அவசரத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, இரண்டு கையின் விரல்களையும் கூம்பின் இருபுறமும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளிவிடுங்கள். "சர்க்" என்று உரசல் கேட்டால் சுருள் நடுவிலிருந்து விலகியிருக்கிறது. கனமான வூஃபர்களில் கூம்பின் பாரமே வருடக்கணக்கில் ஸ்பைடரைக் கீழே இழுத்துவிடும். ஆரம்பநிலை என்றால் யூனிட்டைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாலே சரியாவதுண்டு. காற்றுப் புகாத பெட்டி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 1954இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் வெளியிட்ட ஏஆர்-1 தொடங்கி, இந்த வகைக்குப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் ஸ்பிரிங். கூம்பைத் தள்ளிப் பிடித்து விட்டால் நிதானமாகத் திரும்ப வேண்டும். படக்கென்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது.

பிறகு மல்டிமீட்டர். 8 ஓம் ஸ்பீக்கரின் வூஃபர் சாதாரணமாக 5 முதல் 7 ஓம் வரை காட்டும். எண்ணைவிட முக்கியம் இடதும் வலதும் ஒத்துப்போவது. ஒன்று 6, மற்றது 4 என்றால் ஒன்றில் வேறு சுருள் சுற்றியிருக்கலாம், அல்லது எரிந்து பிழைத்ததாக இருக்கலாம்.

கடைசியாக போனிலிருந்து 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள், ஒலி அளவு குறைவாக. கரகரப்பு, நடுங்கல், பெட்டியின் கிறுகிறுப்பு எல்லாம் பாட்டில் ஒளியும், தனிச்சுரத்தில் ஒளியாது. டுவீட்டரை ஒவ்வொரு பக்கமாகக் காதருகே கேளுங்கள். பெட்டியின் அடிப்பலகையை டார்ச் அடித்துப் பாருங்கள். மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதியிருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை, கரையான் பட்டிருந்தால் வீட்டுக்கே கொண்டுவராதீர்கள்.

வருடத்துக்கு எவ்வளவு

விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். வாங்கும் விலையோடு பழுதுச் செலவைக் கூட்டி, விற்றால் வரும் தொகையைக் கழித்து, வைத்திருக்கும் வருடத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஜோடி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நுரைக்கு 8,000, மின்தேக்கிக்கு 6,000. எட்டு வருடம் கேட்டுவிட்டு 50,000க்கு விற்றால், வருடத்துக்கு 3,000. இன்னொரு ஜோடி 90,000. இன்று பைசா செலவில்லை. ஐந்தாம் வருடம் மாற்றில்லாத டுவீட்டர் போய், உதிரியாக 20,000க்குத் தள்ளினால், வருடத்துக்கு 14,000. பழுதில்லாததுதான் விலை அதிகம்.

பழுது பார்ப்பதிலும் தரம் உண்டு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960, 70களில் காட்டியது இது: வூஃபரும் பெட்டியும் தனித்தனியல்ல, கூம்பின் எடை, பிடிமானத்தின் விறைப்பு, பெட்டியின் கொள்ளளவு மூன்றும் சேர்ந்துதான் பேஸைத் தீர்மானிக்கின்றன. கூம்பு 20 சதவீதம் கனத்தால் இயல்பு அதிர்வெண் சுமார் 9 சதவீதம் இறங்கும். பெட்டி பழைய கணக்கிலேயே நிற்கும். ஆகவே ஏதோ ஒரு நுரை, ஏதோ ஒரு கூம்பு போதாது; அந்த மாடலுக்குரியது வேண்டும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஆள் இருக்கிறார்கள், மைக் செட்டின் புண்ணியத்தில். திருவிழாவுக்குத் திருவிழா எரியும் பெரிய வூஃபர்களுக்கு ரீகோனிங், அதாவது கூம்பு மாற்றும் வேலை, செய்தே கை தேர்ந்தவர்கள். பெசன்ட் நகர் வூஃபரைக் கழற்றி அப்படி ஒருவரிடம் கொண்டுபோனேன். கூம்பை விரலால் சுண்டிப் பார்த்தார், காயிலைத் தள்ளிப் பார்த்தார். "ஃபோம்தான் சார் போயிருக்கு, மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. சரியான அளவு ஃபோம் மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க" என்றார். பழைய நுரையை பிளேடால் சுரண்டுவதற்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். காந்த இடுக்கில் நான்கு பக்கமும் மெல்லிய பிலிம் கீற்றுகளைச் செருகிச் சுருளை நடுவில் நிறுத்தி, அதற்குப் பிறகுதான் பசையைத் தொட்டார்.

பெரியவரிடம் விலை பேசும்போது அவரே கூச்சப்பட்டுக் கால்வாசி குறைத்தார். டுவீட்டர் இரண்டும் ஒரே அளவு காட்டியதையும், அந்த ரகம் இன்றும் கடையில் கிடைப்பதையும் நான் அவரிடம் சொன்னேன். "அப்ப குறைக்க வேண்டாம்ங்கறியா?" என்று சிரித்தார். பாதிக் குறைப்பில் முடித்துக்கொண்டோம். இப்போது அது மணிபிளான்ட் தொட்டிகளுக்கு நடுவில் நின்று பாடுகிறது. நுரை மாற்றிய தேதியைப் பின்பலகையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்விக்கு அது பதில்.